கைதி வரைந்த படத்துக்கு என்ன விலை?

2017-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆக்னஸ் கண்ட் என்ற அம்மையார் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓர் ஓவியத்தை விற்றார். ராய் லிக்டென்ஸ்டைன் 1962-இல் வரைந்த ‘மாஸ்டர்பீஸ்’. விலை 16.5 கோடி டாலர். அதில் 10 கோடி டாலரைத் தனியே எடுத்துவைத்து ஒரு நிதியம் தொடங்கினார். அமெரிக்காவில் சிறைக்குள் தள்ளப்படுகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், வெளியே வருகிறவர்கள் பிழைக்க வழி செய்வதும் அதன் வேலை. அதற்கு முந்தைய வருஷம் வந்த ‘13த்’ என்ற ஆவணப்படம் அவரை அப்படி உலுக்கியிருந்தது. கறுப்பின மக்கள் எப்படித் தலைமுறை தலைமுறையாகச் சிறைக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று ஏவா டுவெர்னே எடுத்த படம் அது. கண்டின் பேரப்பிள்ளைகளில் சிலரும் கறுப்பினத்தவர்கள். நிதியம் 2023 வரை நடந்தது. கையிலிருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு, சொன்னபடி மூடிக்கொண்டது.

இவ்வளவு பெரிய தொகை எங்கோ ஒரு முறை நடப்பது. ஆனால் இதே நோக்கத்தோடு சின்ன அளவில் நிறைய நடக்கின்றன. ஒரு அரங்கம், சம்பளம் வாங்காமல் பாட வந்த நாலைந்து பாடகர்கள், பக்கத்துச் சுவரில் ஏலத்துக்கு வைத்த படங்கள், வாசலில் நன்கொடைப் பெட்டி. வருகிற பணம் கைதிகளின் மறுவாழ்வுக்கு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது ஒரு பழகிப்போன வழக்கம். இந்த நிகழ்ச்சிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே படித்துக்கொண்டும் யோசித்துக்கொண்டும் இருக்கிறேன். யார் யாரெல்லாம் இதைச் செய்தார்கள், எது உருப்படியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வெய்ன் கிராமரிடமிருந்து தொடங்குகிறேன்.

கிராமர் டெட்ராய்ட்காரர். எம்.சி.5 என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர். 1968-இல் சிகாகோவில் வியட்நாம் போருக்கு எதிராக இளைஞர்கள் திரண்டபோது அங்கே போய் வாசித்த குழு அது. சில வருஷங்களில் குழு உடைந்தது. கிராமர் போதையில் விழுந்தார். 1975-இல் கோகெய்ன் விற்கப் போய், வாங்க வந்தது மாறுவேடத்துப் போலீஸ் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார். நான்கு வருஷத் தண்டனை. அனுப்பியது கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் உள்ள சிறைக்கு.

அந்தக் கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. 1935-இல் போதைக்கு அடிமையானவர்களுக்கான மருத்துவமனையும் சிறையும் சேர்ந்த ஒரு இடமாகத் தொடங்கியது. சானி ரோலின்ஸ், செட் பேக்கர் என்று ஜாஸ் உலகத்தின் பெரிய பெயர்கள் பலர் அங்கே இருந்து போயிருக்கிறார்கள். கிராமர் போனபோது உள்ளே ரெட் ராட்னி இருந்தார். சார்லி பார்க்கரோடு டிரம்பெட் வாசித்தவர். ராக் வாசித்துப் பழகிய கிராமருக்கு ஜாஸ் இசையின் இலக்கணத்தைச் சிறைக்குள் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். இருவரும் சிறைக் குழுவில் சேர்ந்தே வாசித்தார்கள். தான் யாரென்று தனக்கே மறந்துபோகாமல் காப்பாற்றியது அந்த இசைதான் என்பதைக் கிராமர் பிற்பாடு பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

கிராமரின் கதையைத் தொட்டு ‘தி கிளாஷ்’ என்ற லண்டன் குழு 1978-இல் ஒரு பாட்டு வெளியிட்டது. பெயர் ‘ஜெயில் கிதார் டோர்ஸ்’. அந்தக் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 2002-இல் இறந்தார். 2007-இல் அவர் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று பாடகர் பில்லி பிராக் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், டார்செட் பகுதிச் சிறை ஒன்றில் வேலை பார்த்த ஒருவர் உதவி கேட்டார். கைதிகளுக்குக் கிதார் கற்றுக்கொடுக்கிறேன், கருவிகள் போதவில்லை என்றார். பிராக் கிதார்கள் வாங்கிக் கொடுத்தார். அந்த முயற்சிக்கு அந்தப் பாட்டின் பெயரையே வைத்தார். 2009-இல் அவரும் கிராமரும் நியூயார்க் பக்கத்தில் உள்ள சிங் சிங் சிறையில் போய் வாசித்தார்கள். அதே வருஷம் கிராமர் தன் மனைவியோடு சேர்ந்து அமெரிக்காவில் இதைத் தொடங்கினார். யாருடைய சிறைக்கதை அந்தப் பாட்டில் இருந்ததோ, அவரே அந்தப் பெயரில் மற்ற சிறைகளுக்குக் கிதார் கொண்டுபோனார். லாஸ் ஏஞ்சலிஸில் நண்பர்களைக் கூட்டி நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தினார். 2024 பிப்ரவரியில் இறக்கும் வரை அந்த வேலையை விடவில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. கச்சேரியில் கிடைத்த பணம் கிதாராகப் போனதோடு நிற்கவில்லை. பாட்டு எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்பாகவும் போனது. கைதிகள் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் கதையைத் தாங்களே நாலு அடியில் எழுதி, மெட்டுப் போட்டு, மற்றவர்கள் முன்னால் பாட வேண்டும். பாடினால் மற்றவன் கேட்பான். மற்றவன் பாடினால் இவன் கேட்க வேண்டும். முறைத்துக்கொண்டு திரிந்த இரண்டு பேர் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். இதெல்லாம் ஒரே நாளில் வராது. வாரா வாரம் ஒருவர் போய் உட்கார்ந்தால்தான் வரும்.

வாரா வாரம் என்பதை அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது க்ளென் ஷெர்லியின் கதை.

1968 ஜனவரி 13. கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் ஜானி கேஷ் பாடினார். அன்று இரண்டு நிகழ்ச்சிகள். இசைத்தட்டாக வந்து உலகமெங்கும் விற்ற கச்சேரி. அதற்கு முந்தைய நாள் அந்தச் சிறைக்குப் போய்வரும் ஒரு பாதிரியார் கேஷிடம் ஒரு ஒலிநாடாவைக் கொடுத்தார். ஆயுதம் காட்டிக் கொள்ளையடித்த குற்றத்துக்காக உள்ளே இருந்த ஷெர்லி, சிறைக்குள் இருக்கும் தேவாலயத்தைப் பற்றி எழுதிய ‘கிரேஸ்டோன் சேப்பல்’ என்ற பாட்டு அதில் இருந்தது. கேஷ் ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பாடம் பண்ணி, மறுநாள் மேடையில் பாடினார். ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டு தன் கண் முன்னால் பாடப்படப்போவது அதுவரை அவருக்குத் தெரியாது.

கேஷ் அதோடு விடவில்லை. ஷெர்லியை வெளியே கொண்டுவரப் பாடுபட்டார். 1971-இல் ஷெர்லி விடுதலையானபோது சிறை வாசலுக்கே போய்க் கூட்டிவந்தார். தன் குழுவில் சேர்த்துக்கொண்டார், மேடை கொடுத்தார், வேலை கொடுத்தார். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? ஆனாலும் ஷெர்லியால் வெளி உலகத்தில் நிலைகொள்ள முடியவில்லை. சுற்றுப்பயணமும் கூட்டமும் வெளிச்சமும் அவருக்குத் தாங்கவில்லை. நடத்தை பயமுறுத்தும்படி மாறியது. கடைசியில் குழுவை விட்டு அனுப்ப வேண்டியதாயிற்று. மாட்டுப் பண்ணையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர், 1978-இல் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

இந்தக் கதையைப் படித்துவிட்டு, பாட்டும் கச்சேரியும் எதற்கும் உதவாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஷெர்லிக்குக் கிடைத்ததெல்லாம் பெரிய பெரிய விஷயங்களாகவே இருந்தன. பெரிய பாடகர், பெரிய மேடை, பெரிய கைதட்டல். சின்ன விஷயங்கள் கிடைத்தனவா? காலையில் எழுந்து போக ஒரு சாதாரண வேலை, மாசம் தவறாமல் பார்த்துப் பேச ஒரு ஆலோசகர், மனசு கலங்கினால் போய் நிற்க ஒரு வீடு. வருஷக்கணக்கில் கதவை மற்றவர் திறந்து, மற்றவர் பூட்டிப் பழகிய ஒருவருக்கு, வெளியே வந்ததும் எல்லாக் கதவும் ஒரே நாளில் திறந்துகொண்டால் தலை சுற்றத்தான் செய்யும். கைதட்டல் ஒரு ராத்திரிக்குப் போதும். மறுநாள் காலையிலிருந்து வேறு ஒன்று வேண்டும்.

இனி படங்களுக்கு வருகிறேன்.

சிறையில் வரைந்த படத்தை ஏலம் விடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். ஜான் வெய்ன் கேஸி என்பவர் 33 இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றவர். மரண தண்டனைக்குக் காத்திருந்த வருஷங்களில் கோமாளிப் படங்களாக வரைந்து தள்ளினார். அவை விலைபோயின. 1994-இல் தண்டனை நிறைவேறிய பிறகும் விலைபோயின. படத்தில் இருந்த திறமைக்காக யாரும் வாங்கவில்லை. வரைந்த கை எது என்பதற்காக வாங்கினார்கள். அதே வருஷம் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு பேர் அந்தப் படங்களில் இருபதுக்கும் மேற்பட்டவற்றை ஏலத்தில் விலைக்கு எடுத்து, நேப்பர்வில் என்ற ஊரில் தீ வைத்துக் கொளுத்தினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் வந்து நின்று பார்த்தன. அந்தத் தீயை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, கேள்வி இதுதான்: படம் விற்கும்போது எதற்கு விலை போடுகிறோம்? குற்றத்துக்கா, வேலைக்கா?

இதற்குச் சரியான பதில் கண்டுபிடித்தவர்கள் என்று நான் நினைப்பது இங்கிலாந்தின் கோஸ்ட்லர் ஆர்ட்ஸ் அமைப்பினரை. அதைத் தொடங்கியவர் எழுத்தாளர் ஆர்தர் கோஸ்ட்லர். சிறை என்றால் என்ன என்று தோலில் பட்டு அறிந்தவர். 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் செய்தியாளராகப் போய் ஃபிராங்கோவின் படையிடம் பிடிபட்டு, செவில் நகரச் சிறையில் எந்த நிமிஷமும் சுட்டுக் கொல்லப்படலாம் என்று மூன்று மாசம் காத்துக் கிடந்தார். பிறகு பிரான்சில் முகாமில் அடைபட்டார். 1940-இல் தப்பி இங்கிலாந்து வந்தபோது, அனுமதியில்லாமல் வந்ததற்காக லண்டனின் பென்டன்வில் சிறையில் போட்டார்கள். ‘டார்க்னஸ் அட் நூன்’ நாவல் வெளிவந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். 1962-இல், கைதிகளின் கலைக்கும் எழுத்துக்கும் ஆண்டுதோறும் பரிசு கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இன்றைக்கும் நடக்கிறது.

வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான படைப்புகள் வந்து சேர்கின்றன. எண்ணெய் வண்ணப் படம், தையல் வேலை, தீக்குச்சிகளை ஒட்டிச் செய்த மாதிரிகள், சோப்பில் செதுக்கிய உருவங்கள், கவிதை, இசைப்பதிவு. அமைப்பின் அலுவலகம் லண்டனில் வொர்ம்வுட் ஸ்கிரப்ஸ் சிறையை ஒட்டியே இருக்கிறது. தேர்ந்தெடுத்தவற்றை ஆண்டுதோறும் தேம்ஸ் கரையில் உள்ள சவுத்பேங்க் சென்டரில் காட்சிக்கு வைக்கிறார்கள். 2022-இல் அதைத் தேர்ந்து அமைத்தவர் சீனக் கலைஞர் அய் வெய்வெய். 2011-இல் சீன அரசு அவரை 81 நாள் அடைத்துவைத்திருந்தது.

கண்காட்சியில் வரைந்தவர் பெயர் இருக்காது. என்ன குற்றம் செய்தார் என்பதும் இருக்காது. படம் மட்டும். பிடித்திருந்தால் வாங்கலாம். பார்க்க வருகிறவர்கள் தங்கள் மனசில் பட்டதை எழுதிக் கொடுத்தால் அது வரைந்தவருக்குப் போய்ச் சேரும். விற்ற பணத்தில் பாதி வரைந்தவருக்கு. கால் பங்கு அமைப்புக்கு. மீதிக் கால் பங்கு ‘விக்டிம் சப்போர்ட்’ என்ற, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனத்துக்கு.

இந்தக் கால் பங்கைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் இதெல்லாம் படித்துவிட்டு ஒரு நாள் அத்தையிடம் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அத்தை கேட்டார்: “எல்லாம் சரிம்மா. வெட்டுப்பட்டுச் செத்தவன் வீட்டுக்கு யாரு கச்சேரி வைப்பா? அவன் பொண்டாட்டி புள்ளைக்கு எந்தப் படத்தை ஏலம் விடுவீங்க?”

இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு போய்க் கைதி மறுவாழ்வைப் பற்றிப் பேசக் கூடாது. அத்தை கேட்டது இரக்கமில்லாத கேள்வி இல்லை. இரக்கம் முதலில் எங்கே போக வேண்டும் என்ற கேள்வி. அந்தக் கால் பங்கைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்போ வரையறவனுக்கும் அது தெரியுமில்ல? தன் கையால சம்பாதிச்சதுல ஒரு பங்கு அந்தப் பக்கம் போவுதுன்னு?” என்றார். தெரியும் என்றேன். “அப்படின்னா சரி” என்றார்.

அத்தை சொன்ன அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. தண்டனை என்பது அனுபவிப்பது. கைதி பெரும்பாலும் சும்மா இருந்து காலம் கழித்தாலே தண்டனை முடிந்துவிடும். ஆனால் ஒரு படத்தை வரைந்து, அதை ஒரு அந்நியர் காசு கொடுத்து வாங்கி, அதில் ஒரு பங்கு தன்னைப் போன்ற ஒருவனால் அடிபட்ட குடும்பத்துக்குப் போகும்போது, அவன் முதல் முறையாக எதையோ கொடுக்கிறான். வாங்கிக்கொள்கிறவனாக மட்டும் இருந்தவன் கொடுக்கிறவனாகிறான். மறுவாழ்வு என்று நாம் சொல்வது இந்த இடம் மாறுதலைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

விலை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அரசுகளுக்கும் தெரியும். குவாண்டனாமோ சிறையில் இருந்தவர்கள் வரைந்த படங்களை 2017-இல் நியூயார்க்கின் ஜான் ஜே கல்லூரியில் காட்சிக்கு வைத்தார்கள். பலவற்றில் கடல். கடலோரத்தில் இருந்தும் கடலைப் பார்க்க முடியாதபடி தார்ப்பாய் கட்டி மறைத்திருந்த சிறை அது. அட்டையும் நூலும் கொண்டு ஒருவர் பாய்மரக் கப்பல்களே செய்திருந்தார். அவற்றில் சிலவற்றை விலைக்கு வாங்கலாம் என்ற பேச்சு வெளியே வந்ததும், கைதிகள் வரைவதெல்லாம் அரசின் சொத்து என்று அமெரிக்க ராணுவத் தலைமை அறிவித்தது. படங்கள் வெளியே போவது நின்றது. 2023-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. படம் வரைவதை அனுமதித்த அதே அரசு, அதற்கு விலை வரப்போகிறது என்றதும் தடுத்தது. விலை வந்தால் வரைந்தவருக்கு ஒரு பெயரும் உரிமையும் வந்துவிடும்.

பணம் எங்கே செலவாகிறது என்பதையும் பார்ப்போம். கிதார் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்தால், இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2013-இன் கடைசியில் அங்கே சிறை விதிகளை இறுக்கினார்கள். அதன் பலனாக, உலோகக் கம்பி போட்ட கிதாரைக் கைதிகள் அறையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றானது. கம்பியால் தீங்கு செய்துகொள்ளலாம், மற்றவரையும் தாக்கலாம் என்ற அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் கொடுத்த கிதார்களில் பெரும்பாலானவை உலோகக் கம்பி போட்டவை. எல்லாம் பூட்டிய அறைக்குள் போய்விட்டன. பிராக் விடவில்லை. ரேடியோஹெட் குழுவினர், டேவிட் கில்மோர், ஜானி மார் போன்ற கலைஞர்களைக் கூட்டி 2014 ஏப்ரலில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. ஜூலையில் தடை நீங்கியது. நன்கொடையாளர் பட்டியலில் இப்படிப்பட்ட வேலைக்குக் கணக்கே இருக்காது. ஆனால் இது நடக்காமல் கச்சேரி நடத்தி என்ன பயன்?

கலிஃபோர்னியாவின் கதையும் இதையே சொல்கிறது. அங்கே 1977-இல் எலாய்ஸ் ஸ்மித் என்பவர் வேக்கவில் சிறையில் ஓவியம், இசை, எழுத்து வகுப்புகளைத் தொடங்கினார். 1980-இல் மாநில அரசே அதை எடுத்து எல்லாச் சிறைகளிலும் நடத்தியது. 2010-இல் பட்ஜெட் பற்றாக்குறையில் அதற்கான பணம் நிறுத்தப்பட்டது. அரசுப் பணம் நின்ற அந்த வருஷங்களில் வகுப்புகளை மூச்சு விட வைத்தது தனியார் நன்கொடையும் தொண்டர்களும்தான். 2014-இல் அரசு மறுபடி பணம் ஒதுக்கியது. அரசு கைவிடும் காலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரு கை வேண்டும். நிதி திரட்டும் கச்சேரிகளின் உண்மையான பயன் அங்கே இருக்கிறது.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 2013-இல் ராண்ட் நிறுவனம் அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிறைக்குள் கல்வி பெற்றவர்கள் மறுபடி சிறைக்கு வரும் வாய்ப்பு 43 சதவீதம் குறைவு என்று கண்டது. அது பள்ளிப் படிப்பும் தொழிற்பயிற்சியும் பற்றிய ஆய்வு, கலை பற்றியது இல்லை. ஆனால் பல வருஷமாக எழுதப் படிக்கப் பயந்த ஒருவனை வகுப்பறை வாசல் வரை கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஒரு பாட்டோ ஒரு தூரிகையோதான் என்பதை, சிறைக்குள் கற்பிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அமெரிக்க மாநிலச் சிறைகளில் இருப்பவர்களில் குறைந்தது 95 சதவீதம் பேர் என்றைக்காவது வெளியே வரப்போகிறவர்கள். வந்து யார் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பார்கள்? யார் கடையில் வேலை கேட்பார்கள்? அப்போது அவர்கள் எப்படிப்பட்டவர்களாக வருவார்கள் என்பதில் நமக்கும் பங்கு உண்டு.

அதனால் இப்படி ஒரு கச்சேரிக்கோ ஏலத்துக்கோ உங்களை யாராவது அழைத்தால், போங்கள் என்றுதான் சொல்வேன். போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். நடத்துகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மண்டபத்துக்கும் ஒலி ஒளிக்கும் போக எவ்வளவு மிஞ்சுகிறது? பெரிய ஓவியர்கள் தானமாகக் கொடுத்த படங்கள் மாட்டியிருக்கும் அதே சுவரில் கைதிகள் வரைந்தவையும் இருக்கின்றனவா, அல்லது அவை ஒரு மூலை மேஜையில் கிடக்கின்றனவா? விற்றால் வரைந்தவருக்கு ஒரு பங்கு போகிறதா? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பங்கு உண்டா? வெளியே வந்தவரைப் பார்த்துக்கொள்ள யாராவது இருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, கச்சேரி முடிந்த பிறகு அடுத்த மாசமும் அதற்கடுத்த மாசமும் வகுப்பு நடக்குமா?

நடக்கும் என்று நேராகப் பதில் சொன்னால், ஏலத்தில் கையைத் தூக்குங்கள். படம் பிடித்திருந்தால் இன்னும் நல்லது. வாங்கி வந்து வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுங்கள். யார் வரைந்தது என்று விருந்தாளி கேட்டால், ஒரு ஓவியர் என்று சொல்லுங்கள். சிறையில் இருந்தவர் என்பதை அதற்கப்புறம் சொல்லலாம்.